அந்தக் கட்டுரையை அச்சிடுங்கள்: நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் ஆண்டு மலர்க் குழுவினருக்கும்,

நம் தமிழ்ப் பள்ளி மாணவி ஒருத்தி பொங்கல் மலருக்காக எழுதிய கட்டுரையை நீங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். லூசியானா உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பினத் தலைமை நீதிபதியான பெர்னெட் ஜோஷுவா ஜான்சனைப் பற்றிய கட்டுரை அது. "நம் சமூகத்தோடு தொடர்பில்லாத பொருள், அரசியல் சாயலும் உள்ளது" என்று மின்னஞ்சலில் ஒற்றை வரி எழுதியிருந்தீர்கள். காரணம் கேட்டு நான் தொலைபேசியில் அழைத்தபோது மலர்க் குழுவிலிருந்து கிடைத்த விளக்கம் இது: "நம் பிள்ளைகளுக்கு நம்மவர்களை முன்மாதிரியாகக் காட்டுவோம், டீச்சர். அவர்கள் கதை நமக்கு எதற்கு?"

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. தலைவருக்குத் தனியாகவும் எழுதினேன். பதில் வரவில்லை. அதனால்தான் உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

கட்டுரையை நீங்கள் முழுவதும் படித்தீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். அதில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்காத உறுப்பினர்களுக்காகவும்.

ஜான்சன் 1943-இல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள டொனால்ட்சன்வில் என்ற ஊரில் பிறந்தவர். வளர்ந்தது நியூ ஆர்லியன்ஸில். பள்ளி, பேருந்து, குடிநீர்க் குழாய் என்று எல்லாமே நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த காலம். அந்தப் பிரிவினைக்குச் சட்ட அங்கீகாரம் தந்த வழக்கே இந்த ஊரிலிருந்து போனதுதான். 1892-இல் ஹோமர் பிளெஸ்ஸி என்பவர் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்து கைதானார். 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரிவினை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெரும்பான்மையோடு சேர்ந்து நின்ற நீதிபதிகளில் ஒருவர் லூசியானாக்காரரான எட்வர்ட் டக்ளஸ் வைட். அவருடைய சிலை ராயல் தெருவில் உள்ள மாநில உச்ச நீதிமன்றத்தின் வாசலில் நின்றிருந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஜான்சன் தம் பதவிக்காலத்தின் பிற்பகுதி முழுவதும் அந்தச் சிலை நின்ற கட்டடத்துக்குத்தான் வேலைக்குப் போனார். அவர் ஓய்வு பெறும் தறுவாயில், 2020 டிசம்பரில், சிலை வாசலிலிருந்து எடுக்கப்பட்டுக் கட்டடத்துக்குள் வைக்கப்பட்டது.

அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கென இருந்த ஸ்பெல்மன் கல்லூரியில் படித்து 1964-இல் பட்டம் பெற்றார். வழக்கறிஞராவதற்கு முன்பே, கறுப்பின மக்களின் வழக்குகளை நடத்திய சட்டப் பாதுகாப்பு நிதியத்துக்காகத் தென்மாநில ஊர்களுக்குப் போனார். பள்ளிகளைப் பற்றி நீதிமன்றங்கள் சொன்ன தீர்ப்புகளைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதும், புதிதாகத் திறந்துவிடப்பட்ட பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் துணிவூட்டுவதும்தான் வேலை. தீர்ப்பு வந்துவிட்டால் மட்டும் போதாது, அதை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை வாசல் தாண்டி அனுப்ப வேண்டும் என்பதை நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர். பிறகு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி. 1969-இல் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் அவரும் ஒருவர். அந்தப் பட்டத்தோடு அவர் நேராகப் போன இடம் நியூ ஆர்லியன்ஸின் இலவசச் சட்ட உதவி அலுவலகம். 1984-இல் நகரின் சிவில் மாவட்ட நீதிமன்றத்துக்குத் தேர்தலில் நின்று வென்றார். அந்த நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் அவர்தான்.

இதில் எந்த வரி அரசியல்?

அடுத்த பகுதிதான் உங்களை உறுத்தியிருக்க வேண்டும். மாநில உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள், எல்லோரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள். மற்ற ஐந்து தொகுதிகளும் தலா ஒருவரைத் தேர்ந்தெடுக்க, நியூ ஆர்லியன்ஸ் பகுதி மட்டும் பக்கத்து மூன்று பாரிஷ்களோடு (லூசியானாவில் மாவட்டத்துக்குப் பெயர் பாரிஷ்) ஒரே தொகுதியாக இணைக்கப்பட்டு இருவரைத் தேர்ந்தெடுத்தது. நகரத்தில் கறுப்பின வாக்காளர்கள் பெரும்பான்மை. சேர்த்துவைத்த தொகுதியிலோ சிறுபான்மை. விளைவு, அந்த மன்றத்துக்கு ஒரு கறுப்பினத்தவர்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. 1986-இல் ரொனால்ட் சிசம் என்பவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். வாக்களிப்பதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் நீதிபதித் தேர்தல்களுக்குப் பொருந்துமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1991-இல் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. 1992-இல் இரு தரப்பும் ஒப்புக்கொண்டதன்பேரில் ஓர் உத்தரவு பிறந்தது: தொகுதிகளை மாற்றி வரையும் வரை நியூ ஆர்லியன்ஸுக்கென்று கூடுதலாக ஓர் இடம். காகிதத்தில் அது மேல்முறையீட்டு நீதிமன்றப் பதவி. செய்வதோ உச்ச நீதிமன்ற வேலை. அந்த இடத்துக்குத்தான் 1994-இல் ஜான்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2000-இல் புதிய தொகுதியிலிருந்து மறுபடியும் வென்றார்.

2012-இல் அப்போதைய தலைமை நீதிபதி ஓய்வை அறிவித்தார். மாநில அரசியல் சட்டத்தின்படி, மன்றத்தில் அதிக காலம் பணியாற்றியவர்தான் அடுத்த தலைமை நீதிபதி. ஜான்சன் வந்தது 1994-இல். அவருக்கு அடுத்தவர் வந்தது 1995-இல். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் கணக்கு. ஆனால் கேள்வி கிளம்பியது: 1994 முதல் 2000 வரை அவர் உட்கார்ந்திருந்தது தற்காலிக நாற்காலி அல்லவா, அந்த ஆண்டுகளைப் பணிமூப்பில் சேர்க்கலாமா? எந்த நாற்காலியை உருவாக்கினால் மக்களின் வாக்குரிமை காப்பாற்றப்படும் என்று நீதிமன்றமே உத்தரவிட்டதோ, அந்த நாற்காலியில் அவர் எழுதிய தீர்ப்புகளெல்லாம் செல்லும், இருந்த காலம் மட்டும் செல்லாதாம்! அப்போது அவருக்கு வயது 69.

நம்மில் எத்தனை பேர் அரசு ஊழியர் வீட்டில் பிறந்தவர்கள்? ஆசிரியர், மின்வாரியம், வருவாய்த்துறை, ரயில்வே என்று அப்பாவோ அம்மாவோ உழைத்த வீடுகளில் பணிமூப்பு பறிபோவது என்றால் என்னவென்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் கீழே இறங்கிய அன்று வீட்டில் சோறு இறங்காது. என் அப்பாவின் பெயரும் ஒருமுறை அப்படி இறங்கியது. அவர் யாரிடமும் முறையிடவில்லை. 'விதி' என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை அதே மேசைக்குப் போனார். ஜான்சன் அப்படிச் சொல்லவில்லை. தாம் அங்கம் வகித்த மன்றத்தின் முன்னாலேயே இந்தக் கேள்வி நிற்க, அவர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். 1992 உத்தரவை நடைமுறைப்படுத்துங்கள் என்றார். அந்த ஆண்டுகள் அவருடைய கணக்கில் சேரும் என்று நீதிபதி சூசி மார்கன் 2012 செப்டம்பரில் தீர்ப்பளித்தார். அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதே முடிவுக்கு வந்தது. 2013 பிப்ரவரியில் ஜான்சன் தலைமை நீதிபதியானார்.

என் மாணவி இந்தப் பகுதியை எழுதுவதற்காக ராயல் தெரு நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள பொதுச் சட்ட நூலகத்துக்கு வந்தாள். நான் கூடப் போயிருந்தேன். தடித்த தீர்ப்புத் தொகுதியைத் திறந்துவைத்து, விரலை வரி வரியாக நகர்த்திப் படித்து, நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் எதிர்ப்பக்கம் தமிழிலும் எழுதிக்கொண்டாள். 'பணிமூப்பு' என்ற சொல்லை அவளுக்குச் சொன்னது நான். அதை உடனே பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கட்டம் போட்டாள். வீட்டில் தமிழ் பேசத் தயங்குகிற பிள்ளை என்று அவளுடைய அம்மா என்னிடம் வருத்தப்பட்டதுண்டு. அந்தப் பிள்ளை சட்ட வழக்கு ஒன்றைத் தமிழில் விளக்கி எழுதியிருக்கிறாள். தமிழ் வளர்க்க என்று தொடங்கிய சங்கம் அதைக் கொண்டாடியிருக்க வேண்டாமா?

கட்டுரையின் இறுதிப் பகுதி 2020-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றைப் பற்றியது. வேலிச்செடி வெட்டும் கத்தரியைத் திருட முயன்ற வழக்கில், பழைய குற்றங்களையும் சேர்த்துத் தொடர் குற்றவாளி என்று ஒரு கறுப்பின மனிதருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. கைதானது 1997-இல். அவருடைய மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுக்க மன்றம் மறுத்தது. மறுக்கக் கூடாது என்று எழுதிய ஒரே நீதிபதி ஜான்சன். அந்த மனிதரைச் சிறையில் வைத்திருக்க அதுவரை மாநில மக்களின் வரிப்பணத்தில் ஏறத்தாழ 5,18,667 டாலர் செலவாகியிருக்கிறது என்று அவர் தம் மாறுபட்ட கருத்தில் கணக்குச் சொன்னார். அடிமை முறை ஒழிந்த பிறகு, மாடு, பன்றி திருடியதற்கெல்லாம் கடும் தண்டனை கொடுத்துக் கறுப்பின ஏழைகளை மறுபடியும் கட்டாய உழைப்புக்குள் தள்ளிய சட்டங்களின் வழிவந்ததுதான் இது என்றும் எழுதினார். சில மாதங்களில் அந்த மனிதர் பரோலில் வெளியே வந்தார். தனியாக நின்று எழுதிய அந்தச் சில பக்கங்களை நாடு முழுவதும் படித்தார்கள். இதை ஒரு பள்ளி மாணவி எடுத்துச் சொன்னால் அது அரசியல் சாயலா? அவள் எந்தக் கட்சியின் பெயரையும் எழுதவில்லை. எழுதியவை எல்லாம் நீதிமன்றப் பதிவுகளில் உள்ளவை.

இனி, 'தொடர்பில்லை' என்பதற்கு வருகிறேன். இந்தச் சொல்தான் என்னை அதிகம் வருத்தியது.

வாக்குரிமைச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 ஆகஸ்டில். ஆசியர்களுக்கு ஏறத்தாழ மூடியே இருந்த குடியேற்றக் கதவைத் திறந்த சட்டத்தில் அவர் கையெழுத்திட்டது அதே ஆண்டு அக்டோபரில். இரண்டும் ஒரே போராட்டக் காலத்தின் விளைச்சல். தெருவில் அடிபட்டவர்களும் சிறைக்குப் போனவர்களும் கறுப்பின மக்கள். விமான டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து இறங்கியவர்கள் நாம். இங்கே நாம் வீடு வாங்குவதும், பிள்ளைகளை விரும்பிய பள்ளியில் சேர்ப்பதும், வேலையில் பாகுபாடு நடந்தால் புகார் கொடுப்பதும் அவர்கள் வழக்குப் போட்டு வாங்கிய சட்டங்களின் பலத்தில்தான்.

உங்களில் சிலருக்கு இது பழைய வரலாறாகத் தோன்றலாம். அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் குடும்ப வழக்கு ஒன்றுக்காகச் சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. துணைக்கு நான் போனேன். யார், என்ன வழக்கு என்பதைச் சொல்ல மாட்டேன். தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்திருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளரின் இணைப்பு பாதியில் அறுந்துவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தொடர்ந்து பேசிக்கொண்டே போனார். அந்தப் பெண் கையில் இருந்த நோட்டீஸின் முனையைச் சுருட்டிச் சுருட்டிக் கசக்கிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நீதிபதி ஒரு கறுப்பினப் பெண்மணி. கையை உயர்த்தி வழக்கறிஞரை நிறுத்தினார். "அவர் தலையாட்டுகிறார், ஆனால் அவருக்குப் புரியவில்லை. அவருக்குப் புரியாமல் இந்த அறையில் எதுவும் நடக்காது" என்றார். சரியான மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும் வரை வழக்கைத் தள்ளிவைத்தார். ஜான்சன் 1984-இல் வென்று உட்கார்ந்ததும் இதே மாதிரி ஒரு சிவில் நீதிமன்ற நாற்காலியில்தான். அதற்கு முன் அங்கே ஒரு பெண்ணையும் மக்கள் தேர்ந்தெடுத்ததில்லை என்பதை நினைத்துக்கொண்டுதான் அன்று வெளியே வந்தேன். தொடர்பு எங்கே என்று கேட்கிறீர்களே, அந்தப் பெண் நம் பொங்கல் விழாவில் பந்தி பரிமாறுகிறவர்.

'நம்மவர்கள்' என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். நம் பழைய மலர் ஒன்றில் நீதிபதி ஸ்ரீ ஸ்ரீநிவாசனின் படம் வந்தது, எனக்கும் மகிழ்ச்சிதான். திருநெல்வேலிப் பக்கத்து வேர் கொண்ட ஒருவர் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி என்பது சாதாரண விஷயமா? ஆனால் அதே நீதிமன்றத்தில் அவருக்கு முன்பே, 1994 முதல், ஜூடித் ரோஜர்ஸ் என்ற கறுப்பினப் பெண் நீதிபதியாக இருந்தார். கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியாக அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது அந்த மன்றத்திலிருந்துதான். கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் கறுப்பினப் பெண்ணுக்கென்று முதல் கதவைத் திறந்தவர் 1979-இல் நியூயார்க்கில் பொறுப்பேற்ற அமல்யா கியர்ஸ். ஸ்ரீநிவாசனின் படத்தைப் போட்ட பக்கத்தில் இவர்களுக்கு ஒரு வரி இடமில்லை. கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது அட்டைப்படம் போட்டு, அவருடைய அம்மாவின் ஊரைப் பற்றி எழுதினோம். அவர் கறுப்பினப் பெண்ணாகவும் வளர்க்கப்பட்டவர், கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2022 ஏப்ரல் 7 அன்று ஜாக்சனின் நியமனத்துக்கு செனட்டில் 53-47 என்று வாக்கு விழுந்தபோது அவைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். ஒரே மனிதரின் தாய்வழியை நம்மவர் என்று கொண்டாடிவிட்டு, தந்தைவழி மக்களை 'அவர்கள்' என்று தள்ளுவது எப்படி நியாயம்? வெளிப்படையாகச் சொல்கிறேன்: இது நிறவெறி. சாதியைப் பற்றிப் பேசக் கூடாது என்று கற்றுக்கொண்ட வீடுகளில்கூட இது தாராளமாகப் புழங்குகிறது. பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொன்று. இந்த மாநிலத்தில் நீதிபதிகளை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் மாதிரி வாக்குச்சீட்டைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் என்னிடம் வருவார்கள். அதிபர், ஆளுநர் வரை தெரிகிறது, அதன் கீழே நீளும் நீதிபதிகள் பட்டியலில் யார் யார் என்று தெரியவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு இடத்துக்காகச் சிசம் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடிய அதே வாக்குச்சீட்டை நாம் வெறுமனே விட்டுவிட்டு வருகிறோம். அந்தப் பகுதியை நிரப்பத் தெரிந்த ஒருத்தி நம் பள்ளியில் உருவாகியிருக்கிறாள். அவளுக்கு இன்னும் வாக்களிக்கும் வயதுகூட வரவில்லை.

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

கட்டுரையை வரும் பொங்கல் மலரில் வெட்டாமல் முழுவதுமாக அச்சிடுங்கள். பக்கங்கள் ஏற்கெனவே அச்சகத்துக்குப் போய்விட்டன என்றால் தனி இணைப்பாகப் போட்டு மலரோடு சேர்த்துக் கொடுங்கள். அச்சுச் செலவை ஏற்க இரண்டு பெற்றோர் முன்வந்திருக்கிறார்கள். மொழித் திருத்தம் தேவையென்றால் மாணவியிடம் கேட்டுச் செய்யுங்கள், அவளைக் கேட்காமல் ஒரு வரியும் மாற வேண்டாம்.

'நம் சமூகத்தோடு தொடர்பில்லை' என்ற காரணத்தை இனி எந்தப் பிள்ளையின் படைப்புக்கும் பயன்படுத்த மாட்டோம் என்று செயற்குழுவில் தீர்மானம் போடுங்கள். நிராகரிப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, மேல்முறையீடு செய்ய ஒரு வழியும் வையுங்கள்.

அடுத்த தேர்தலுக்கு முன் சங்கக் கூடத்தில் ஒரு மாலை ஒதுக்குங்கள். நீதிபதி வேட்பாளர்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது, மாநிலத்தின் நீதிமன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று விளக்க ஒரு கறுப்பினப் பெண் வழக்கறிஞரையோ ஓய்வு பெற்ற நீதிபதியையோ அழையுங்கள். அழைப்பதும் ஒருங்கிணைப்பதும் என் பொறுப்பு. கூடம் மட்டும் கொடுங்கள்.

கடைசியாக, தொலைபேசியில் சொல்லப்பட்ட அந்த வார்த்தைக்கு மலர்க் குழு வருத்தம் தெரிவிக்க வேண்டும். அது எனக்குச் சொல்லப்பட்டது என்றாலும் வருத்தத்தை மாணவிக்கு எழுதுங்கள், தமிழில், பெயரோடும் கையெழுத்தோடும்.

என் சனிக்கிழமை வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும். பிள்ளைகளை இதற்குள் இழுக்க மாட்டேன். ஆனால் மேற்சொன்னவற்றுக்கு எழுத்தில் பதில் வரும் வரை மலரின் மெய்ப்புத் திருத்தும் பணியிலிருந்து விலகி நிற்கிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, எனக்கும் மாணவியின் பெற்றோருக்கும் பேச நேரம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்ப் பள்ளியின் தன்னார்வ ஆசிரியை, சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்